அறுந்த இடத்திலிருந்து

ஞாயிற்றுக்கிழமை ஆணி அடித்தாலே போலீஸ் வந்து நிற்கும் பசிபிக் தீவு நாடு டோங்கா. அங்கே சனிக்கிழமை காலையில் ஒருவர் ஆள் அனுப்பித் துப்பறியக் கூப்பிடுகிறார் என்றால், ஒன்று அவருக்குத் தலைபோகிற அவசரம், இல்லாவிட்டால் ஆசாமிக்கு நாள் கிழமை மறந்துவிட்டது. லூப்பே இரண்டையும் நம்பவில்லை. யாரையும் எடுத்த எடுப்பில் நம்புவது அவளுக்கு வழக்கமில்லை. இரண்டு முறை கல்யாணம் நிச்சயமாகி, இரண்டு முறையும் நின்றுபோனவள் அவள்.

அவளுடைய தாய்மாமன் செமிசி வேறு ரகம். போலீஸ் பேண்டில் காலமெல்லாம் ட்ராம்போன் ஊதி ஓய்வு பெற்றவர். “கூட்டத்துல எவன் தப்பா வாசிக்கிறான்னு திரும்பிப் பார்க்காமலே கண்டுபிடிக்கணும். துப்பறியறதுன்னா அவ்வளவுதான்” என்பார். கம்ப்யூட்டர் சமாசாரம் வந்தால் அது லூப்பேயின் பாடு. துறைமுக அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்த்தவள், மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசிவிட்டு மாமாவின் வேனில் ஏறிக்கொண்டாள். அன்றிலிருந்து வேனும் அவளுடையதாகிவிட்டது.

ஃபங்காலோ கிராமத்துச் சபைப் பொறுப்பாளர் மொசெசே வாசலிலேயே காத்திருந்தார். இடுப்பில், மரியாதைக்கு உடைமேல் சுற்றும் பாய்களில் ஞாயிற்றுக்கிழமைக்கு என்று எடுத்துவைத்த நல்ல பாய். முகத்தில் சாவு வீட்டுக்குப் போகிற களை.

“வாங்க செமிசி. சாப்பிட்டீங்களா? ஏதாவது சாப்பிட்டுட்டுப் பேசலாம்.”

தேங்காய்ப்பால் பாகில் ஊறிய மாவு உருண்டைகள் வந்தன. செமிசி ஒன்றை எடுப்பதற்குள் லூப்பே அவர் தட்டிலிருந்து இரண்டை எடுத்தாள். மொசெசே அதைப் பார்த்து வறட்சியாகச் சிரித்தார்.

“மருமகளா?”

“அக்கா மகள். கேட்க முடியுமா? பல்லு இருக்கிற வரைக்கும் தின்னட்டும்” என்றார் செமிசி.

“எனக்கும் ஒருத்தன் இருக்கான், தங்கச்சி மகன். அதோ பாருங்க.” மொசெசே சுவரைக் காட்டினார். அங்கே ஓர் ஆணி மட்டும் இருந்தது. அதன் கீழே கிட்டார் வடிவத்தில் சுவர் வெளுக்காமல் பளிச்சென்றிருந்தது. “சிப்பி பதிச்ச கிட்டார். என் அப்பா வச்சிருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தான், எடுத்துட்டுப் போயிட்டான். மாமன் வீட்டுல அவன் கைவைக்கிறது அவன் உரிமை. என்ன பண்றது?”

லூப்பேக்கு அந்தப் பேச்சில் ஆர்வமில்லை. அவள் கண் அறையைத் துழாவியது. ஒரு டிவியில் சத்தமில்லாமல் ரக்பி ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் இன்னொன்று. அதன்மேல் தரைவரை தொங்கும் வெள்ளைப் பின்னல் துணி, பிளாஸ்டிக் பூ, பட்டமளிப்பு உடையில் சிரிக்கும் மகளின் படம். துணியின் பின்பக்கம் ஒரு கைப்பிடி புடைத்துக்கொண்டு நின்றது.

“மாமா, இருக்கிற சானலுக்கு ரெண்டு டிவி” என்று காதோரம் சொன்னாள். “ஒண்ணு பார்க்க. கைப்பிடி வச்சது தூக்கிட்டு ஓட.”

“வாயை மூடிட்டுத் தின்னு.”

மொசெசே விஷயத்துக்கு வந்தார். திங்கட்கிழமை பாடகர் குழுக்களின் போட்டி. ஃபங்காலோ குழுவுக்காக ஆக்லாந்தில் படுக்கையில் கிடக்கும் ஐசாயா என்ற பெரியவர் ஒரு புதுப் பாட்டுக் கட்டி அனுப்பியிருக்கிறார். பாட்டுக் கட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இதுதான் தன் கடைசிப் பாட்டு என்று அவரே சொல்லிவிட்டார். கதவைச் சாத்திக்கொண்டு, கரும்பலகையில் எழுதி, பயிற்சி முடிந்ததும் அழித்துவிட்டுப் போனார்கள். ஆனால் நேற்று மாலை பக்கத்து ஊரான தொலிமாவின் மண்டபத்திலிருந்து அதே பாட்டுக் கேட்டிருக்கிறது.

“கம்ப்யூட்டர்ல அதை வாங்கினவ எசெட்டா. எங்க குழுவுல பாடற பொண்ணு, டவுன்ல இன்டர்நெட் கடை வச்சிருக்கா. பாஸ்வேர்டு அவ கையில. அவ அண்ணன் தொலிமால பொண்ணு கட்டி அந்தக் குழுவுல பாடறான். ரெண்டையும் ரெண்டையும் கூட்டினா என்ன வரும்?” மொசெசே பெருமூச்சு விட்டார். “எனக்கு அந்தப் பொண்ணு மேல கோபம் இல்ல. எனக்குக் கம்ப்யூட்டர்னா என்னன்னே தெரியாது, இன்னிக்கு வரைக்கும் ஒண்ணைத் தொட்டதில்ல. ஆனா நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் அவளைச் சபை முன்னால நிறுத்தித்தான் ஆகணும். குழுவிலேர்ந்து பேரை எடுத்துருவோம். நீங்க விசாரிச்சு ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னா ஊர் வாய் அடங்கும்.”

“ஆமான்னுதான் சொல்லணுமா?” என்றாள் லூப்பே.

மொசெசே மாவு உருண்டைத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். “உள்ளதைச் சொல்லுங்க” என்றார்.

*

எசெட்டாவின் கடை மார்க்கெட்டுக்கு எதிரே. நாலு கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி, அதுவும் வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருந்தது. அழுது வீங்கிய முகத்தை எதிர்பார்த்துப் போனாள் லூப்பே. அங்கே உட்கார்ந்திருந்தவள் கோபத்தில் வெந்துகொண்டிருந்தாள்.

“நீங்களும் ஆமான்னு சொல்லத்தான் வந்திருக்கீங்களா?”

“அதுக்குப் பணம் பத்தாது” என்றாள் லூப்பே. “முதல்ல இது சொல்லு. பாட்டு மெயில்ல வந்திருக்கலாமே? எதுக்குப் பாஸ்வேர்டு போட்டு, எஃப்.டி.பி-ன்னு இன்னொரு கம்ப்யூட்டர்லேர்ந்து கோப்பை நேரா இழுக்கிற வேலை?”

“பெரியவர் பாடியே காட்டியிருக்காரு. அந்த ஒலிக் கோப்பு மெயில் வயித்துல கொள்ளாது. அவர் பேரன் வேலை பார்க்கிற கம்பெனியோட கம்ப்யூட்டர்ல ஒரு மூலையில வச்சான். கூடவே பாட்டை எழுதின சின்னக் கோப்பு ஒண்ணு. நான் இங்கேர்ந்து ரெண்டையும் இறக்கினேன்.”

“எப்படி இறக்கினே? ஒண்ணுவிடாம சொல்லு.”

எசெட்டாவின் கோபம் கொஞ்சம் தணிந்தது. தெரிந்த வேலையைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் அப்படித்தான்.

“முதல்ல அங்க கோப்போட அளவைப் பார்த்து வச்சுப்பேன். எப்பவும் பைனரி முறைதான். உள்ளது உள்ளபடி வரும், மெஷின் கைவைக்காது. எழுத்து முறையில இறக்கினா, வரி முடியற இடத்தையெல்லாம் மெஷின் தன் பழக்கத்துக்கு மாத்தி எழுதிக்கும். நடுவுல ஃபோன் லைன் அறுந்தா, பெரிய கோப்புன்னா விட்ட இடத்துலேர்ந்து தொடர்வேன், பைனரியில மட்டும். சின்னக் கோப்புன்னா தூக்கிப் போட்டுட்டு முதல்லேர்ந்து எடுப்பேன். எல்லாம் முடிஞ்சதும் இங்க உள்ள அளவும் அங்க உள்ள அளவும் ஒண்ணான்னு ஒத்துப் பார்ப்பேன்.”

“மாப்பிள்ளை விஷயத்துல நான் இப்படி ஒத்துப் பார்த்திருந்தா எங்கேயோ போயிருப்பேன்.”

எசெட்டாவுக்குச் சிரிப்பு வந்து, வந்த வேகத்தில் போனது.

செமிசி குறுக்கே வந்தார். “பாஸ்வேர்டு யாருக்கெல்லாம் தெரியும்மா?”

“எனக்கு, அந்தப் பேரனுக்கு. எனக்கு ஒண்ணு ஆயிட்டா என்ன பண்றதுன்னு பொறுப்பாளருக்கும் சொல்லி வச்சேன். அவருக்குச் சொல்றதும் பூட்டுக்குச் சொல்றதும் ஒண்ணு, மெஷினை எந்தப் பக்கம் பார்த்து உட்காரணும்னே தெரியாது. ஆனா எஃப்.டி.பி-யில பாஸ்வேர்டு தபால் கார்டு மாதிரி திறந்தேதான் போகும். அதனால வேலை முடிஞ்சதும் மாத்திடு, கோப்பையும் அழிச்சுடுன்னு அந்தப் பையன்கிட்ட தலையால அடிச்சுக்கிட்டேன். நாளைக்குப் பார்க்கலாம்னான்.”

“யார் வந்து எடுத்தாங்கன்னு அங்க தெரியாதா?”

“எல்லாரும் ஒரே பேர்லதான் நுழையறோம். மிச்சத்தைத் தோண்டணும்னா கம்பெனி திறக்கணும். அது திங்கட்கிழமை.” அவள் விசைப்பலகையைத் தள்ளிவிட்டாள். “திங்கட்கிழமை எனக்கு எதுக்கு? நாளைக்கே என்னை நிறுத்திடுவாங்க. எங்கம்மா நின்னு பாடின வரிசையில நான் நிக்கறேன். அந்த இடம் போச்சுன்னா எனக்கு இந்த ஊர்ல வேற என்ன இருக்கு?”

லூப்பேக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருக்கும்போதுதான் அவள் கடினமாகக் கேட்பாள். “உன் அண்ணன்?”

“அண்ணன் இருக்கிற அறையில நான் உட்காரக்கூட மாட்டேன். உங்களுக்குத் தெரியாதா? எதுவானாலும் அண்ணி வழியாத்தான் பேச்சு. இதுல அவன் கையில பாட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேனாம்!”

லூப்பேயும் ஓர் அண்ணனோடு வளர்ந்தவள்தான். அவர்கள் இருவரும் சேர்ந்து ஒரு படம் பார்த்தது கிடையாது. அண்ணனுக்கும் தங்கைக்கும் நடுவே இந்த ஊரில் எத்தனை மரியாதைச் சுவர் என்பது மொசெசேக்கும் தெரியும். தெரிந்தும் அண்ணனை எதற்கு இழுத்தார்?

“நீ இறக்கின எழுத்துப் பிரதி ஒண்ணு கொடும்மா” என்றார் செமிசி.

*

தொலிமா மண்டபத்துக்குப் பின்னால் ஈரப்பலா மரத்தடியில் வேனை நிறுத்தினார்கள். உள்ளே பயிற்சி நடந்துகொண்டிருந்தது. செமிசி மடியில் எசெட்டாவின் பிரதியை விரித்தார். டோங்காவில் பாட்டை எண்களில்தான் எழுதுவார்கள். மேலே பாட்டு வரி, கீழே மூன்றிலிருந்து ஒன்பதுவரை எண்கள். வெளியூர்க்காரன் பார்த்தால் மளிகைக் கணக்கு என்று நினைப்பான். அவர் அதைப் பார்த்தாலே காதில் கேட்கும்.

மதியச் சாப்பாட்டுப் பொட்டலத்தை லூப்பே பிரித்தாள். சேம்பிலையில் சுற்றிச் சுட்ட மாட்டிறைச்சி, தேங்காய்ப்பால் சொட்டியது.

“அது என்னோடது.”

“இருந்துச்சு” என்றாள் லூப்பே, பாதியை எடுத்துக்கொண்டே.

“உங்கம்மா பெத்தது பொண்ணு இல்ல, அபராதம்.” சொல்லிவிட்டு அவர் திடீரென்று கையை உயர்த்தினார். “ஷ்ஷ்! கேளு.”

உள்ளே ஆண்களின் குரல் தரையிலிருந்து எழும்பி வந்தது. அதன்மேல் பெண்களின் குரல் ஏறியது.

*கரையிலே காத்திருக்கும் விளக்கை அணை…*

குரல்கள் அங்கே நின்றன. பிறகு விம்மலோடு மறுபடி எழுந்தன.

*…ருக்கும் விளக்கை அணைக்காதே…*

செமிசியின் விரல் தாளில் நின்றுவிட்டது. “இங்க அப்படி இல்லையே. ‘கரையிலே காத்திருக்கும் விளக்கை அணைக்காதே’, நேரா ஒரே ஓட்டம். இவங்க பாதியில நிறுத்தி, பின்னாடி போய், ஒரு சொல்லோட வாலைப் பிடிச்சு மறுபடி வர்றாங்க. அரை வரி ரெண்டு தரம் வருது.”

“அழகுக்காக இருக்கும்.”

“அழகுக்காகன்னா முழு வரியைத் திரும்பப் பாட வைப்பாங்க. பாதிச் சொல்லுல ஆரம்பிச்சுத் திரும்பப் பாடச் சொல்ற புலவன் இன்னும் பொறக்கல.”

இடைவேளையில் ஒரு குண்டுப் பாடகர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். லூப்பே தன் பங்கில் மிச்சமிருந்ததை அவருக்கு நீட்டினாள். சாப்பாடு கொடுத்தால் டோங்காவில் எந்தக் கதவும் திறக்கும்.

“அந்த ‘ருக்கும்’ இருக்கே அண்ணே, மனசை என்னவோ பண்ணுது.”

“பண்ணாதா பின்ன?” அவர் கண் கலங்கியது. “பெரியவர் சாகக் கிடக்கிறாரு. எழுதும்போதே தேம்பியிருக்காரு, அதான் அந்த இடத்துல சொல் உடைஞ்சு திரும்புது. எங்க ஹவீலிதான் கண்டுபிடிச்சுச் சொன்னான். அங்க தேம்பணும்னு மூணு நாளா பயிற்சி கொடுக்கறான். பொம்பளைங்க நிஜமாவே அழறாங்க.”

“ஹவீலி யாரு?”

“எங்க குழுவை நடத்தறவன். அதோ.”

வாசலில் ஓர் இளைஞன் அடுத்த சுற்றுக்குச் சுருதி கொடுத்துக்கொண்டிருந்தான். அவன் கையில் இருந்த கிட்டார் வெயிலில் மின்னியது. அதைச் சுற்றிலும் சிப்பி பதித்திருந்தது.

செமிசியும் லூப்பேயும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்தால் முகம் காட்டிக்கொடுத்துவிடும் என்று இருவருக்கும் தெரியும்.

*

வேன் கிளம்பியதும் லூப்பே ஸ்டீயரிங்கைத் தட்டினாள். “மாமா, தேம்பினது பெரியவர் இல்ல. மெஷின்!”

“புரியற மாதிரி சொல்லு.”

“இது எசெட்டாவோட பிரதியிலேர்ந்து போகவே இல்ல. அவளோடது சுத்தம். யாரோ ஆக்லாந்திலேர்ந்து நேரா இறக்கியிருக்காங்க, எழுத்து முறையில. நடுவுல லைன் அறுந்திருக்கு. அறுந்த இடத்திலேர்ந்து தொடரச் சொல்லியிருக்காங்க. அங்கதான் கணக்கு பிசகிடுச்சு.”

“என்ன கணக்கு?”

“அங்க ஒவ்வொரு வரி முடிவுக்கும் ரெண்டு குறி போட்டிருக்கும். இறக்கற மெஷின் அதுல ஒண்ணைத் தூக்கிப் போட்டுட்டா? வந்தது நூறு, கையிருப்பு தொண்ணூறுன்னு நினைச்சுக்கும். ‘தொண்ணூறுக்கு அப்புறம் கொடு’ன்னு கேட்கும். அந்தப் பக்கம் கேட்டதைக் கொடுக்கும். நடுவுல பத்து ரெண்டு தரம் வந்துரும்.”

“நீ என் தட்டுல எடுத்துட்டு இன்னும் எடுக்கலன்னு சொல்ற மாதிரி.”

“அதே! ஆனா எசெட்டா கடையில இருக்கிற மெஷினெல்லாம் ரெண்டு குறியையும் வச்சுக்கிற ஜாதி. அதுல இப்படி ஆகாது. ஒண்ணைத் தூக்கிப் போடறது ஆப்பிள் மெஷின்தான்.” அவள் வேனைச் சட்டென்று திருப்பினாள். “இந்தத் தீவுல அது எனக்குத் தெரிஞ்சு ஒரே இடத்துல இருக்கு. அச்சகத்துல.”

அச்சக முதலாளி ஓட்டோ, கையெல்லாம் மையோடு, ராத்திரிக்குள் முடிக்க வேண்டிய சாவு அறிவிப்பு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். கேள்வியைக் கேட்டதும் அவருக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

“திருட்டா? நானா? என் மெஷினுக்கு ஃபோன் லைனே கிடையாது! அச்சுக்கு வர்றவன் எல்லாம் சி.டி-யில போட்டுக் கையில கொண்டுவருவான். வேணும்னா பாரு, பின்னாடி ஒரு ஒயர் வருதா பாரு!”

லூப்பே பார்த்தாள். சொன்னது உண்மை. மேசையில் இருந்த நீல நிற மெஷின், டிவியைப் போலவே முன்பக்கம் கண்ணாடி, பின்பக்கம் உருண்டை. சுவருக்கும் அதற்கும் நடுவே மின்சார ஒயர் ஒன்றைத் தவிர எதுவுமில்லை.

“நகர்த்திப் பார்த்துக்கோ. மேல பிடிச்சுத் தூக்கு, அதுக்குத்தான் வச்சிருக்கான்.”

மேலே, பின்பக்கமாக, ஒரு கைப்பிடி இருந்தது.

லூப்பேயின் கை அதைப் பிடித்தபடி நின்றுவிட்டது. அவளுக்குக் காலையில் தின்ற மாவு உருண்டையின் இனிப்பு வாயில் திரும்ப வந்தது.

“மாமா” என்றாள் மெதுவாக. “முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறவங்களைப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். பின்னல் துணியில மறைச்சவரை இன்னிக்குத்தான் பார்த்தேன்.”

*

மொசெசே எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்துவிட்டார்கள் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

“என்ன, ஆமாதானே?”

செமிசி பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு பாடினார். கரையிலே காத்திருக்கும் விளக்கை அணை, ருக்கும் விளக்கை அணைக்காதே. விம்மலோடுதான் பாடினார். பாடி முடித்துக் கண்ணைத் திறந்தார்.

“மொசெசே, உங்க வீட்டுல ரெண்டாவது ஃபோன் எங்க இருக்கு?”

“எதுக்கு?”

பதில் உள்ளேயிருந்து வந்தது. மொசெசேயின் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். “சமையல்கட்டுல. ஏன், ரிப்பேரா? போன வாரம் ஹவீலி வந்திருந்தப்ப எடுத்தேன், காதுல ‘கீ’ன்னு ஒரு சத்தம். அந்தப் பையன் இங்கேர்ந்து ‘ஐயோ மாமி, வைங்க வைங்க’ன்னு கத்தினான். அதுலேர்ந்து எனக்கு அந்த ஃபோனைத் தொடவே பயம்.”

லைன் அறுந்த இடம் சமையல்கட்டு. லூப்பே எழுந்து போய் மகளின் படத்தையும் பூவையும் எடுத்து, கவனமாகக் கீழே வைத்தாள். பின்னல் துணியைத் தூக்கினாள். நீல மெஷின் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. அதன் காலடியிலிருந்து மெல்லிய ஃபோன் ஒயர் சுவருக்குப் போயிற்று.

“மக ஹொனலூலுவிலேர்ந்து அனுப்பினா” என்றார் மொசெசே. “பேத்தி படம் பார்க்கலாம்னு. நான் தொடல. சத்தியமா இன்னிக்கு வரைக்கும் அதை நான் தொடல.”

“தெரியும்” என்றாள் லூப்பே. “நிஜத்தைச் சொல்லியே பொய் சொல்ல உங்ககிட்டதான் கத்துக்கணும்.”

“அவன் வந்து கேட்டான். பாஸ்வேர்டு என்ன மாமான்னு கேட்டான்.” மொசெசே செமிசியைப் பார்த்தார். இன்னொரு தாய்மாமனுக்குப் புரியும் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. “தங்கச்சி மகன். கிட்டாரைக் கேட்டான், கொடுத்தேன். பன்றியைக் கேட்டான், கொடுத்தேன். இதுக்கு மட்டும் எந்த வாயால இல்லன்னு சொல்ல? நான் கொடுக்கல செமிசி. அவன் எடுத்துக்கிட்டான்.”

“எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க?” என்றாள் லூப்பே. “ட்ராம்போன்காரரும் வேலை போனவளும் என்ன கிழிச்சுடப் போறாங்கன்னுதானே?”

அவர் ஆமாம் என்று புருவத்தை உயர்த்தினார். மறைக்கக்கூட அவருக்குத் தெம்பு இல்லை.

செமிசிக்குக் கோபம் வந்து லூப்பே அதிகம் பார்த்ததில்லை. வந்தால் அவர் குரல் தணியும்.

“நானும் மாமன்தான் மொசெசே. என் சாப்பாடு, என் வேன், எல்லாத்தையும் இவ எடுத்துக்கறா. நாளைக்கு என் ட்ராம்போனைக் கேட்டாலும் துடைச்சுக் கொடுப்பேன். அதுல ஒரு தப்பும் இல்ல. மாமன்கிட்ட இருக்கிறதைக் கேட்க மருமகனுக்கு உரிமை உண்டு. ஆனா அந்தப் பாட்டு உங்களோடதா? சரி, அதையும் விடுங்க. எசெட்டாவோட பேரு உங்களோடதா? அதை எடுத்து உங்க மருமகனுக்குக் கொடுக்க உங்களுக்கு யாரு உரிமை தந்தது?”

மொசெசேயின் மனைவி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். விஷயம் அவளுக்கு இப்போதுதான் முழுக்கப் புரிந்தது. கணவரைப் பார்க்காமல், “பழைய பாய் எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியும்” என்றாள்.

மொசெசே நல்ல பாயை அவிழ்த்தார்.

*

மன்னிப்புக் கேட்கப் போகிறவன் கிழிந்த பாயைக் கட்டிக்கொண்டு வெறும் தரையில் உட்கார வேண்டும். எசெட்டாவின் வீட்டு முற்றத்தில், படிக்கட்டுக்கு எதிரே, சபைப் பொறுப்பாளர் மொசெசே தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தெருவில் போனவர்கள் நின்றார்கள். ஒரு பன்றிக்குட்டி அவரை மோந்து பார்த்துவிட்டுப் போயிற்று. நாளைக்கு ஆராதனை முடிந்ததும் சபை முன்னால் நிற்கப் போவது யார் என்பது ஊருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

எசெட்டா வெளியே வந்தாள். பயிற்சிக்குக் கிளம்பிய கோலம். இடுப்பில் பாய், காதோரம் பூ. பழைய வழக்கப்படி அவள் இறங்கி வந்து அவரைத் தொட்டு எழுப்ப வேண்டும். எழுப்பினால் கணக்குத் தீர்ந்தது.

அவள் கடைசிப் படியில் நின்றாள்.

“எழுந்திருங்கன்னு சொல்லணும், சொல்வேன். ஆனா இப்ப எனக்குப் பயிற்சி இருக்கு. பாடிட்டு வந்து சொல்றேன்.” அவரைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். வேன் பக்கம் வந்ததும் லூப்பேயிடம் குனிந்தாள். “ஆக்லாந்துப் பையன் கிடைச்சான். பாஸ்வேர்டு மாத்தியாச்சு, கோப்பை அழிச்சாச்சு. இந்தத் தடவை யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்.”

அவள் தெருவுக்கு எதிரே இருந்த ஃபங்காலோ மண்டபத்துக்குள் போகும்வரை லூப்பே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷமாக இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க வேறு பேச்சை எடுத்தாள்.

“மாமா, தொலிமாகாரங்ககிட்ட அந்த இடம் தப்புன்னு சொல்லிடலாமா?”

“எதுக்கு? பெரியவர் நடுவர்களுக்குத் தபால்ல நேரா ஒரு பிரதி அனுப்பியிருக்காராம். திங்கட்கிழமை அதைக் கையில வச்சுக்கிட்டுத்தான் உட்கார்ந்திருப்பாங்க.” செமிசி சாய்ந்து உட்கார்ந்தார். “அவ்வளவு பயிற்சி எடுத்திருக்காங்க. நல்லாத் தேம்பட்டும்.”

மண்டபத்தின் ஜன்னல்களை இன்று யாரும் சாத்தவில்லை. இனி மறைக்க என்ன இருக்கிறது? ஆண்களின் குரல் எழுந்தது, பெண்களின் குரல் அதன்மேல் ஏறியது. எசெட்டாவின் குரல் எது என்று லூப்பேக்குத் தெரியவில்லை. மாமாவுக்குத் தெரிந்திருக்கும். முற்றத்தில் மொசெசே தலையை நிமிர்த்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இடம் வந்தது.

*கரையிலே காத்திருக்கும் விளக்கை அணைக்காதே.*

ஒரே ஒரு தரம் வந்து, நிற்காமல், அடுத்த வரிக்குப் போயிற்று. கிழிந்த பாயில் உட்கார்ந்திருந்தவர் முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டு தேம்பினார்.